மூணாவது வேணாம்

ஒரு மனுஷன் "வேணாம்" என்று சொன்னால் உலகத்தில் எல்லாரும் அதை நம்பிவிடுவார்கள். நம்பாத ஒரே ஆள் எங்கள் இன்னொண்ணு அக்கா. ஆண்டவரே நேரில் இறங்கி வந்து "போதும்மா" என்றாலும், "என்னாங்க ஆண்டவரே, ரெண்டு ரொட்டிதானே சாப்பிட்டீங்க, இன்னொண்ணு வைக்கட்டா?" என்று கேட்கக்கூடியவர் அவர். கேட்டுவிட்டு பதிலுக்குக் காத்திருக்க மாட்டார். வைத்துவிட்டுத்தான் ஆண்டவர் முகத்தையே பார்ப்பார்.

ஞானஸ்நானத்தில் வைத்த பேர் ஒன்று அவருக்கு இருந்திருக்க வேண்டும். அதை யாரும் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. பூனாகலைப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்து லய வரிசை வீட்டில் பிறந்தவர். கல்யாணத்துக்கு முன்னும் பின்னும் கொழுந்து எடுத்து, முழங்கால் ரெண்டும் இனி மலை ஏற மாட்டோம் என்று அடம்பிடித்த பிறகு சுற்றுலாக்காரர்கள் வரும் எல்ல ஊருக்கு வந்து ஒரு கெஸ்ட் ஹவுஸ் குசினியில் சமைக்கச் சேர்ந்தார். வெயிலோ மழையோ, ஒரு ஊதா ஸ்வெட்டர். காலில் ஆம்பளைக் காலுறை, அதற்கு மேலே ரப்பர் செருப்பு. கையில் எப்போதும் ஒரு அகப்பை. அந்த அகப்பை சும்மா இருந்து நான் பார்த்ததில்லை.

அதே கெஸ்ட் ஹவுஸில் வரவேற்பு மேசையில் உட்கார்ந்திருந்தவன் நான். பன்னிரண்டு அறை. ஆறு அறையில் ஜன்னலைத் திறந்தால் மலை தெரியும், மற்ற ஆறில் பக்கத்துக் கட்டடத்துத் தண்ணித் தாங்கி தெரியும். வெள்ளைக்காரர்களிடம் இங்கிலீஷில் பேசுவதும், அவர்கள் சொன்னதை உள்ளே போய்த் தமிழில் சொல்வதும், தண்ணித் தாங்கி அறைக்காரர்களுக்கு ஆறுதல் சொல்வதும் என் வேலை. இங்கிலீஷில் நான் கொஞ்சம் கெட்டிக்காரன் என்ற நினைப்பு எனக்கு உண்டு. அந்த நினைப்பால் வந்த வினையைப் பிறகு சொல்கிறேன்.

வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒரு நாள் அக்காவிடம் கேட்டேன்.

"ஏங்க்கா, அந்த ஆளு வேணாம்னுதானே சொன்னாரு, பெறகு எதுக்கு வச்சீங்க?"

"எத்தன தடவ சொன்னாரு?"

"ஒரு தடவ."

"அது சேத்தியில்ல தம்பி. மொத வேணாம் மரியாதைக்கு. ரெண்டாவது வேணாம் வெக்கத்துக்கு. மூணாவதுதான் வயித்துலேருந்து வரும். அது வர்ற வரைக்கும் நாமதான் கேட்டுக்கிட்டே இருக்கணும்."

சிரிக்காதீர்கள். நீங்களும் அதே ஆள்தான். கல்யாண வீட்டில் பாயாசம் வரும்போது கையால் இலையை மறைத்துக்கொண்டு, விரலுக்கு நடுவில் மட்டும் கொஞ்சம் இடம் விடுகிற ஆட்கள்தானே நாமெல்லாம். அக்கா அதைச் சட்டமாக்கி வெள்ளைக்காரர்கள் மேலும் ஓட்டினார், அவ்வளவுதான் வித்தியாசம்.

அந்தச் சட்டத்தில் முதலில் மாட்டியவர் ஒரு ஜெர்மன்காரர். கதவு நிலையில் தலை இடிக்கிற உயரம். மூணாவது ரொட்டியோடு "நோ, தேங்க் யூ" என்றார். அக்கா நாலாவதை வைத்தார். இப்போது பாருங்கள் சிக்கலை. தட்டில் விழுந்த சாப்பாட்டை மிச்சம் வைப்பது அந்த ஆள் ஊரில் பெரிய மரியாதைக் குறைவு. அதனால் அவர் கஷ்டப்பட்டு முடித்து, தேங்காய்ச் சம்பலையும் வழித்து, தட்டைத் துடைத்தாற்போல் வைத்தார். எங்கள் ஊரிலோ தட்டு காலியாக இருந்தால் பசி ஆறவில்லை என்று அர்த்தம். "பாவம், வாயத் தொறந்து கேக்கத் தெரியல" என்று அக்கா அஞ்சாவதை வைத்தார். அவர் மரியாதைக்காக முடிக்க, இவர் மரியாதைக்காக வைக்க, ரெண்டு பேரும் ஒருத்தரைப் பார்த்து ஒருத்தர் சிரித்துக்கொண்டே ஒன்பது ரொட்டி வரை போனார்கள். மறுநாள் காலை அவர் மலை ஏறுவதாக இருந்தது. மத்தியானம் வரை கட்டிலை விட்டே இறங்கவில்லை.

நான் போய் விளக்கினேன். "சார், ஒரு துண்டு மிச்சம் வையுங்க, விட்டுருவாங்க." அவர் கண் கலங்கிப் போய், "முடியாது, என் அம்மா அப்படி வளர்க்கவில்லை" என்றார். இதை அக்காவிடம் சொன்னதும் அவருக்கு அந்த ஆள் மேல் ஏற்பட்ட பாசம் கொஞ்சநஞ்சமல்ல. "நல்ல தாய் வளத்த புள்ள" என்று அன்று ராத்திரிச் சாப்பாட்டுக்கு ஒரு முட்டையும் சேர்த்து வைத்தார்.

ஊருக்குப் போய் அந்த மனுஷன் இணையத்தில் எழுதியிருந்தார்: சாப்பாடு அற்புதம், அறை சுத்தம், ஒரே எச்சரிக்கை, இங்கே 'நோ' என்ற சொல் வேலை செய்யாது. அதைப் படித்துவிட்டு வந்தவர்கள் அதிகம்.

ஜப்பானில் இருந்து ஒரு பெண் வந்தபோதுதான் அக்காவுக்குச் சரியான ஜோடி கிடைத்தது. அக்கா பால் ஊற்றிய தேத்தண்ணிக் கப்பை நீட்டினார். அந்தப் பெண் குனிந்து, வேண்டாம் என்று கையை ஆட்டினாள். அக்கா மறுபடி நீட்டினார். மறுபடி குனிந்தாள். மூணாவது தடவை ரெண்டு கையாலும் வாங்கி, குடிக்காமல், முதலில் நீங்கள் குடியுங்கள் என்று அக்காவிடமே நீட்டினாள். இப்போது மறுப்பது அக்காவின் முறை. ரெண்டு பேருக்கும் பொதுவாக ஒரு வார்த்தை கிடையாது. ஆனாலும் ஒரு பிழையில்லாமல் நடந்தது. நான் மேசையில் மூணு பேரைப் பதிந்து, சாவி கொடுத்து அனுப்பிவிட்டுத் திரும்பிப் பார்க்கிறேன், தேத்தண்ணி ஆறி ஆடை கட்டிவிட்டது, கப் இன்னும் நடுவில்தான் நிற்கிறது. "இது எங்க லயத்துப் புள்ள" என்று அக்கா தீர்ப்புச் சொல்லிவிட்டார்.

பண்டாரவளையில் இருந்து மரக்கறி கொண்டுவரும் சிங்கள ஐயா ஒருத்தர் இருந்தார். அக்காவுக்குச் சிங்களம் பத்து வார்த்தை, அவருக்குத் தமிழ் ஆறு வார்த்தை. தினமும் காலையில் அக்கா தேத்தண்ணி ஊற்றுவார், அவர் சிங்களத்தில் வேண்டாம் என்று "எப்பா, எப்பா" என்பார், இவர் ஊற்றிக்கொண்டே இருப்பார். போகும்போது அவர் ஒரு கட்டு லீக்ஸை அக்காவுக்கென்று தனியாக எடுத்து வைப்பார், அக்கா "வேணாங்க, வேணாங்க" என்பார், அவர் வைத்துவிட்டுப் போவார். எந்த வேணாம் எத்தனையாவது என்று ரெண்டு பேருக்கும் துல்லியமாகத் தெரியும். அந்த இடத்தில் மொழிபெயர்க்க எனக்கு ஒரு வேலையும் இருக்கவில்லை.

வேலை வந்தது மேடத்தால்.

கெஸ்ட் ஹவுஸைக் குத்தகைக்கு எடுத்து நடத்தியவர் ஒரு ஒல்லாந்து மேடம். நல்ல மனுஷி. கோபம் வந்தால் கோபம் என்று சொல்வார், பசித்தால் பசி என்பார், என் சட்டை நன்றாக இல்லை என்றால் அதையும் காலை வணக்கத்தோடு சேர்த்துச் சொல்லிவிடுவார். மனசில் ஒன்று வாயில் ஒன்று கிடையாது. மற்றவர்களும் அப்படித்தான் என்று நம்பியதுதான் அவர் செய்த ஒரே தப்பு.

பழைய தலைமைச் சமையல்காரர் வளைகுடாவுக்குப் போக விசா வந்தது. அதே மாதத்தில் மேல்மாடியில் மேடம் ஒரு பெரிய சாப்பாட்டுக் கூடம் திறப்பதாக இருந்தது. குசினிக்கு ஒரு தலை வேண்டும். தலை யார் என்பதில் யாருக்கும் சந்தேகமே இல்லை, ஏனென்றால் பழையவர் பேருக்குத்தான் தலைவர், கறி எல்லாம் அக்காவின் கைதான். அக்காவுக்கும் சந்தேகமில்லை. மேடம் கேட்பதற்கு முன்னாலேயே ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து, மாதா கோயில் வாசலில் நின்ற அத்தனை பேரிடமும் சொல்லிவிட்டார். "இனிமே பெரிய குசினிக்கு நான்தான்." சாமியார் வாழ்த்தே சொல்லிவிட்டாராம்.

திங்கட்கிழமை காலை மேடம் அக்காவையும் என்னையும் தன் கந்தோருக்கு, ஆபீஸ் அறைக்கு, கூப்பிட்டார். மேடம் பேசியதெல்லாம் இங்கிலீஷ், உங்களுக்காகத் தமிழில் தருகிறேன்.

"குசினிக்கு நீங்கள் தலைமை ஏற்க விரும்புகிறீர்களா?"

நான் சொன்னேன். அக்கா முகம் அப்படியே பூத்துவிட்டது. உடனே தலையைக் குனிந்துகொண்டு, முறைப்படி, "ஐயோ மேடம், எனக்கு என்னா தெரியும். நான் படிக்காதவ. வேற பெரிய ஆளாப் பாத்து வைங்க" என்றார்.

அறிவுள்ளவன் இங்கே என்ன செய்திருக்க வேண்டும்? "அக்காவுக்கு ரொம்ப சந்தோஷம், இன்னும் ரெண்டு தடவ கேளுங்க" என்று மொழிபெயர்த்திருக்க வேண்டும். நான்தான் இங்கிலீஷில் கெட்டிக்காரன் ஆயிற்றே. அக்கா சொன்னதை ஒரு எழுத்துப் பிசகாமல் சொன்னேன். 'படிக்காதவள்' என்பதற்கு ஒரு நல்ல வார்த்தைகூடத் தேடிப் போட்டேன்.

மேடம் அக்காவை மரியாதையோடு பார்த்தார். "புரிகிறது. உண்மையைச் சொன்னதற்கு நன்றி" என்று நோட்டுப் புத்தகத்தில் ஒரு கோடு போட்டார். முடிந்தது. நின்றது அரை நிமிஷம் இருக்காது.

வெளியே வந்தோம். நான் மேசைக்குப் போய்விட்டேன். வெகு நேரம் கழித்துப் பார்த்தால் அக்கா இன்னும் கந்தோர்க் கதவுக்குப் பக்கத்திலேயே, ஸ்வெட்டர் பைக்குள் கையை விட்டுக்கொண்டு நிற்கிறார்.

"என்னாக்கா, குசினிக்குப் போகலியா?"

"எப்ப கூப்புடுவாங்க தம்பி?"

"எதுக்கு?"

"ரெண்டாவது தடவ கேக்க."

அப்போதுதான் நான் செய்த வினை எனக்குப் புரிந்தது.

அன்றைக்கு அக்கா கந்தோருக்கு நாலு தடவை தேத்தண்ணி கொண்டுபோனார். மேடம் நாலு தடவையும் நன்றி சொன்னார், வேறொன்றும் சொல்லவில்லை. செவ்வாய்க்கிழமை தேத்தண்ணியோடு வடையும் போனது. மேடம் வடையைச் சாப்பிட்டார். புதன்கிழமை மேடம் கொழும்புக்கு போன் எடுத்து ஒரு சமையல்காரரைப் பேசி முடித்துவிட்டார். அடுத்த திங்கட்கிழமை வருவார், தன் ஆட்கள் ரெண்டு பேரையும் கூட்டிக்கொண்டு வருவார். அந்தக் குசினியில் மூணு பேருக்கு மேல் நிற்க இடமில்லை என்பது உங்களுக்குத் தெரியாது, எனக்கும் அக்காவுக்கும் தெரியும்.

நான்தான் போய்ச் சொன்னேன். அக்கா அகப்பையைக் கீழே வைத்தார். வைத்துவிட்டு குசினித் தரையில் உட்கார்ந்துவிட்டார்.

"ஒரே ஒரு தடவ கேட்டுட்டு விட்டுட்டா என்னா அர்த்தம் தம்பி? மனசுல பிரியமில்லாமக் கேட்டிருக்காங்க. கடமைக்குக் கேட்டிருக்காங்க."

"அவங்க ஊர்ல அப்படித்தான்க்கா. வேணாம்னா வேணாம்தான். வேணும்னா மொத தடவையே யெஸ்னு சொல்லிறணும்."

"கேட்ட ஒடனேவா? வாயப் பொளந்துக்கிட்டா? வெக்கமா இருக்காது?"

"அவங்களுக்கு வெக்கம் இல்லக்கா."

"எனக்கு இருக்குல்ல" என்றார். பிறகு, "திரும்பியும் மலைக்கு எப்படிப் போறது, இந்தக் காலை வச்சுக்கிட்டு. ஞாயித்துக்கெழம கோயிலுக்கு எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டுப் போறது" என்று முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டார்.

"நீங்களே போய் மேடத்துக்கிட்ட ஒரு வார்த்த சொல்லுங்களேன்."

"சோத்தக் கேட்டு வாங்கலாம் தம்பி. மதிப்பக் கேட்டு வாங்கலாமா?"



அன்று மத்தியானம் சரித்திரத்தில் முதல் தடவையாக அந்தக் கெஸ்ட் ஹவுஸில் யாருக்கும் இன்னொண்ணு வைக்கப்படவில்லை. 'நோ' என்றவர்களுக்கு நோதான். 'நோ' சொல்லலாமா என்று யோசித்தவர்களுக்கும் நோதான். விருந்தாளிகள் ஒருத்தரை ஒருத்தர் பார்த்துக்கொண்டார்கள். ஒரு பிரெஞ்சுக்காரர் தட்டோடு என் மேசைக்கு வந்து, "நான் ஏதாவது தப்பாகப் பேசிவிட்டேனா?" என்று கேட்டார். வியாழனும் இதே கதை. வெள்ளிக்கிழமை பருப்பில் உப்பே இல்லை. அந்தப் பருப்பை வாயில் வைத்ததும் மேடத்திடம் போவது என்று முடிவு செய்தேன்.

மேடம் நான் சொன்னதைப் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "நான் மறுபடி கேட்டால், அவர் வார்த்தையை நான் நம்பவில்லை என்று ஆகும். அது அவரை அவமதிப்பது" என்றார்.

"ஒரு தடவையோடு விட்டால்தான் எங்களுக்கு அவமானம் மேடம்."

"அவருக்கு வேண்டுமென்றால் வேண்டும் என்று சொல்லியிருக்கலாமே?"

"செத்தாலும் சொல்ல மாட்டோம் மேடம்."

மேடம் நாற்காலியில் சாய்ந்துகொண்டார். தங்கள் வீட்டுப் பழக்கத்தைச் சொன்னார். விருந்தாளி வந்தால் கோப்பி கொடுத்து, பிஸ்கட் டின்னைத் திறந்து நீட்டுவார்களாம். விருந்தாளி ஒரே ஒரு பிஸ்கட் எடுப்பாராம். உடனே டின்னை மூடி அலுமாரியில் வைத்துவிடுவார்களாம். நான் கதை என்று நினைத்துச் சிரித்தேன். மேடம் சிரிக்கவில்லை. நிஜமாம். இந்தக் கொடுமையைக் கேட்டு என் கண்ணில் தண்ணி வராத குறை.

"மேடம், நீங்க இங்க வந்த மொத நாள் அக்கா உங்களுக்கு எத்தனை ரொட்டி வச்சாங்க?"

"ஆறு. நான் ரெண்டு போதும் என்றுதான் சொன்னேன்."

"அவமானமா இருந்ததா?"

மேடம் ஜன்னல் பக்கம் பார்த்தார். "இல்லை" என்றார். "அன்றைக்கு எனக்கு ஊர் ஞாபகமாக இருந்தது. நல்ல பசியும் இருந்தது." பிறகு நோட்டுப் புத்தகத்தைத் திறந்து பேனாவை எடுத்தார். "எத்தனை தடவை கேட்க வேண்டும்?"

"மூணு மேடம்."

"சரியாக மூணா?"

"குறைஞ்சது மூணு."

"நடுவில் எவ்வளவு இடைவெளி?"

ஒல்லாந்தர்கள் எப்படி அந்தக் காலத்தில் நம்ம கடற்கரையெல்லாம் இவ்வளவு கோட்டை கட்டினார்கள் என்று எனக்கு அன்றைக்குத்தான் விளங்கியது. மூணு கேள்வியையும் மூணு விதமாக எழுதி, இலக்கம் போட்டு, என்னை அக்காவாக உட்கார வைத்து ஒத்திகையும் பார்த்தார். நான் முதல் ரெண்டுக்கும் தலை குனிந்து வேணாம் என்றேன். ரெண்டாவது வேணாமில் மேடம் மனம் தளர்ந்து, "நிஜமாகவே வேண்டாம் போலிருக்கிறதே" என்றார். "தளரக் கூடாது மேடம், இன்னும் ஒண்ணுதான்" என்று தைரியம் கொடுத்தேன்.

சனிக்கிழமை காலை மேடம் நோட்டுப் புத்தகத்தோடு குசினிக்குள் வந்தார். அக்கா வெங்காயம் அரிந்துகொண்டிருந்தார். நான் நடுவில் நின்றேன்.

"அக்கா, இந்தக் குசினிக்கு நீங்கள் தலைமை..."

"யெஸ் மேடம்."

நான் இன்னும் மொழிபெயர்க்கவே ஆரம்பிக்கவில்லை. அக்கா கத்தியைக் கையில் பிடித்தபடி, நேராக மேடத்தின் முகத்தைப் பார்த்துச் சொல்லியிருந்தார். முகமெல்லாம் சிவந்து, கழுத்து வேர்த்து, ஊரார் முன்னால் தாவணி நழுவிய பெண் மாதிரி வெட்கத்தில் நின்றார். பிறகுதான் தெரிந்தது, புதன்கிழமை நான் சொன்னதில் இருந்து மூணு நாளாக அடுப்பைப் பார்த்து "யெஸ் மேடம், யெஸ் மேடம்" என்று பழகியிருக்கிறார். ஒருவேளை மேடம் மறுபடி கேட்டால் என்று.

மேடம் நோட்டைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். ஒத்திகையில் இது வரவில்லை. ஆனால் எழுதி வைத்ததைப் பாதியில் விடுகிற இனம் இல்லை அது. தொண்டையைச் செருமிக்கொண்டு ரெண்டாவது கேள்விக்குப் போனார்.

"உங்களைவிட நன்றாக இதைச் செய்ய யாரும் இல்லை. தயவுசெய்து ஏற்றுக்கொள்வீர்களா?"

நான் தமிழில் சொன்னேன். "யெஸ் மேடம்" என்றார் அக்கா.

மேடம் பக்கத்தைத் திருப்பினார்.

"நீங்கள் இல்லாவிட்டால் இந்த வீட்டில் எனக்குச் சாப்பிடப் பிடிக்காது. இன்னொரு தடவை கேட்கிறேன். வருவீர்களா?"

நான் அதையும் தமிழில் சொன்னேன். அக்கா கத்தியை வைத்துவிட்டு, ரெண்டு கையாலும் முகத்தைப் பொத்திக்கொண்டு அழுதார். வெங்காயத்தின் மேல் பழி போட முடியாத அழுகை. அழுதுகொண்டே, "யெஸ் மேடம், யெஸ். கேட்டுக்கிட்டே இருங்க மேடம், கேக்க நல்லாருக்கு" என்றார்.

"என்ன சொல்கிறார்?" என்று மேடம் பதறிப்போய்க் கேட்டார். "சரின்னு சொல்றாங்க மேடம்" என்று சுருக்கிவிட்டேன். என் வாழ்க்கையில் நான் செய்த மிக நல்ல மொழிபெயர்ப்பு அது.

கொழும்புக்காரருக்கு மேடம் அப்போதே போன் பண்ணி, வரவேண்டாம் என்று சொல்லி மன்னிப்புக் கேட்டார். அவரும் ஒரே தடவையில் விட்டுவிட்டார். அன்று மத்தியானம் பிரெஞ்சுக்காரருக்கு மூணு நாள் பாக்கியும் சேர்த்து வைக்கப்பட்டது. மறுநாள் அக்கா கோயிலுக்குப் போய் முன் வரிசையில் உட்கார்ந்தாராம்.

பிறகு குசினி ரெண்டு சட்டத்தில் ஓடியது. நம்ம ஆட்களுக்கு மூணு தடவை. வெள்ளைக்காரர்களுக்கு ஒரே தடவை. வேணாம் என்றால் அகப்பையை அப்படியே நிறுத்தி, கஷ்டப்பட்டுச் சிரித்து, அடுத்த மேசைக்குப் போய்விடுவார். "சொன்னா சொன்னதுதான் தம்பி. நம்பணும். அதுவும் ஒரு மரியாததான்" என்று எனக்கே பாடம் எடுத்தார். மேடமோ நேர்மாறாகப் போய், பில் கட்டிவிட்டுப் புறப்படுகிறவர்களை வாசல் வரை துரத்தி மூணு தடவை தேத்தண்ணிக்குக் கூப்பிட்டுக்கொண்டிருந்தார்.

அடுத்த வருஷம் எனக்குப் பதுளையில் ஒரு கந்தோர் வேலை கிடைத்தது. டவுனுக்கு நடுவில், சனி ஞாயிறு லீவு, யாருக்கும் தண்ணித் தாங்கியைப் பற்றி ஆறுதல் சொல்லத் தேவையில்லை. வீட்டில் எல்லாரும் போ என்றார்கள். புறப்படுகிற அன்று பையை எடுத்துக்கொண்டு குசினிக்குப் போனேன். அக்கா லீக்ஸ் அரிந்துகொண்டிருந்தார். தலையைத் தூக்கி என்னைப் பார்த்தார்.

"போய்த்தான் ஆகணுமா தம்பி? இங்கயே இருந்தா என்னா?"

"இல்லக்கா, போகணும்" என்றேன்.

அக்கா என் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தார். "சரிப்பா" என்றார். என் வார்த்தையை மதித்து, வெள்ளைக்காரர்களுக்கு மாதிரியே ஒரே தடவையில் நம்பி, ரொட்டியும் சம்பலும் கட்டிக் கொடுத்துவிட்டு மறுபடி லீக்ஸ் அரிய ஆரம்பித்தார். நான் குசினி வாசலில் பையோடு நின்றேன். ரோட்டில் பஸ் ஹோர்ன் அடித்தது. இன்னும் கொஞ்ச நேரம் நின்றேன்.

இன்னும் ரெண்டு தடவை கேட்டிருந்தால் நான் பதுளைக்கு வந்திருக்கவே மாட்டேன்.